ரூபியின் மே மாதங்கள்

மே மாதம் வந்துவிட்டால் ரூபி காலையில் முதல் வேலையாகப் புளியைக் கரைத்துக் கைகளைத் தேய்த்துக் கழுவுவாள். முந்தின நாள் சாயங்காலம் வரை பீடி சுற்றிய கை. புகையிலை வாடை லேசில் போகாது. "அக்கா மேல பீடி நாத்தம் அடிக்கு" என்று ஏதாவது ஒரு பிள்ளை பாட்டுக்கு நடுவில் சொல்லிவிடும். அதனால் கழுவி, மோந்து பார்த்து, மறுபடி கழுவி, தலையைச் சீவிக்கொண்டு கோயிலுக்குப் போவாள். நான் சுண்டல் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன்.

கோயில் என்றால் பேட்டையில் எங்கள் சபைக் கோயில். வருடா வருடம் மே மாதத்தில் அங்கே பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். யாரும் அப்படி நீட்டிச் சொல்வதில்லை. வி.பி.எஸ். என்றால்தான் தெரியும். பாட்டு, கதை, மனப்பாட வசனம், காகிதத்தில் கைவேலை, பதினொரு மணிக்குச் சுண்டலும் ஜூஸும். கடைசி நாள் சாயங்காலம் பந்தல் போட்டு நிறைவு விழா.

எங்கள் பகுதியில் மில் ஓடிய காலம் ஒன்று உண்டு. மூடிய பிறகு ஆண்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போனார்கள். போகாதவர்கள் கிடைத்த வேலையைப் பார்த்தார்கள், அல்லது குடித்தார்கள். பெண்கள் எல்லாரும் பீடித்தட்டை மடியில் வைத்தோம். பள்ளிக்கூடம் அடைத்துவிட்டால் பிள்ளைகளைக் கவனிக்க ஆள் கிடையாது. வாய்க்காலில் போய் விழும், இல்லையென்றால் தண்டவாளத்தில் நிற்கும். அதனால் எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடாக இருந்தாலும் வி.பி.எஸ்.ஸுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த தெரு நஃபீஸத் தன் மகள் அர்வாவை அனுப்பும்போது, பாட்டுப் பாடலாம், சுண்டல் தின்னலாம், ஜெபத்துக்குக் கண்ணை மட்டும் மூடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அர்வாவும் சொல் தவறாமல் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜெபம் முடிந்ததும் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று ரூபியிடம் ஒப்பிப்பாள்.

ரூபியின் முழுப்பெயர் கனகரூபி. பக்கத்து வீடு. என்னை மைனி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவாள். அவளுடைய அம்மா ஞானப்பூ எனக்கு அத்தை முறை, அப்பா சற்குணம் மாமா முறை. சொந்தம் இல்லை, சுவர்தான் சொந்தம். ஒரே சுவரின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். ரூபிக்கு இப்போது வயது முப்பதை நெருங்குகிறது. பதின்மூன்று வயதிலிருந்து அவளை இந்தத் தெருவே ஊழியக்காரப் பிள்ளை என்றுதான் சொல்கிறது.

அது நடந்தது ஒரு நிறைவு விழாவில்தான். நான் கல்யாணமாகி வந்த வருடம் அது. பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். ரூபி தேவதூதன். நாடகம் முடிந்து, வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் பேசினார். பேசி முடித்து எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். பிள்ளைகளில் யாராவது தங்கள் வாழ்நாள் முழுவதையும் ஆண்டவருடைய ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்க விரும்பினால் அமைதியாக எழுந்து நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் குரல் தழுதழுத்தது. அதோ, ஒரே ஒரு சிறு பெண் நிற்கிறாள் என்றார்.

கண்ணைத் திறந்தால் ரூபி நிற்கிறாள். ஞானப்பூ அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்குள் பந்தல் வாசலில் ஒரு சலசலப்பு. சற்குணம் மாமா. மில் மூடிய நாளிலிருந்து குடிதான். அன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் வாசலில் நின்றிருந்தார். தள்ளாடிக்கொண்டே நடுவில் நடந்து வந்து, மகள் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அன்றைக்கு விட்டவர்தான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. ஜவுளிக்கடை ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டில் அடி நின்றது. அடுப்பு எரிந்தது. அத்தை இந்தக் கதையைச் சொல்லாத ஆள் எங்கள் சபையில் இல்லை. மகள் நின்றாள், அப்பன் எழுந்தான் என்று முடிப்பாள்.

வேதாகமக் கல்லூரிக்கு அனுப்ப வசதி இல்லை. அதனால் ரூபியின் ஊழியம் வி.பி.எஸ். ஆயிற்று. மே மாதம் முழுவதும் அது. மற்ற மாதங்களில் ஞாயிறு பள்ளி, யாருக்காவது காய்ச்சல் என்றால் தலையில் கை வைத்து ஜெபம். நன்றாகவே செய்வாள். அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் மூக்கு ஒழுகுகிற பிள்ளைகூட மூக்கை உறிஞ்ச மறந்து கேட்கும். ஆனால் பஸ் ஸ்டாப்பில் நின்று கூட்டாளியோடு சத்தமாகச் சிரித்தால், ஊழியக்காரப் பிள்ளை இப்படிச் சிரிக்கலாமா என்று ஒரு குரல் வரும். நல்ல சேலை கட்டினால் வரும். கட்டாவிட்டால் அதற்கும் வரும். யாரும் திட்டியதில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். பதில் சொல்ல முடியாமல் போனது அதனால்தான்.

கல்யாணத்துக்கு யாரும் தடை சொல்லவில்லை. ஊழியக்காரர்கள் கல்யாணம் முடிக்கிறவர்கள்தானே. ஆனால் ஊழியக்கார மாப்பிள்ளைகள் படித்த பெண்ணைத் தேடினார்கள். சாதாரண மாப்பிள்ளைகள் பயந்தார்கள். ஒருமுறை களக்காட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எல்லாருக்கும் பிடித்திருந்தது. முறுக்கை இரண்டாம் முறை எடுத்தார்கள். அப்போது அத்தை பெருமையாக நிறைவு விழாக் கதையை எடுத்தாள். கேட்கக் கேட்க மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. கடைசியில் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆண்டவருக்கென்று ஒதுக்கி வைத்த பிள்ளையை நாங்கள் எப்படிக் கூட்டிப் போக என்று கேட்டாள். பெண்ணை வேண்டாம் என்றவள் சும்மா போகவில்லை. முழங்கால் வலிக்கிறது, கொஞ்சம் ஜெபம் பண்ணும்மா என்று சேலையை ஒதுக்கிக் காலை நீட்டினாள். ரூபி பட்டுச் சேலையோடு கீழே உட்கார்ந்து, அந்த அம்மாள் முழங்காலில் கை வைத்து ஜெபம் பண்ணினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நானும் அவளும் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தோம். வலி போயிருக்கும் என்று நினைக்கிறாயா என்று கேட்டேன். "போயிருந்தா மக்கியா நாளு மகனக் கூட்டிட்டு வந்திருப்பாளே மைனி" என்றாள்.

போன வருட வி.பி.எஸ்.ஸுக்குத்தான் பொன்சிங் வந்தார். விக்கிரமசிங்கபுரத்துக்காரர். மைக் செட் கட்டுகிற வேலை. வழக்கமாக வருகிறவர் ஊரில் இல்லாததால் இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாளே மைக் கூவென்று கத்தியது. பிள்ளைகள் காதைப் பொத்தின. ரூபி அவரை முறைத்தாள். அவர் நிதானமாக வந்து, "டீச்சர், மைக்க பாக்ஸ் பக்கம் கொண்டு போவாதிய. அதுவும் சேந்து ஜெபம் பண்ண ஆரம்பிச்சிரும்" என்றார். ரூபி சத்தமாகச் சிரித்தாள். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். நல்லவேளை, பெரியவர்கள் யாரும் இல்லை.

இந்த வருடமும் அவரே வந்தார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பிள்ளைகள் போன பிறகு, குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ரூபியிடம் நேராகவே கேட்டார். சபையில் அவளைப் பற்றிப் பேசுவதெல்லாம் தனக்குத் தெரியும் என்றார். "நீங்க ஊழியம் செய்ங்க. நான் மைக் கட்டுதேன். அதுக்கு என்ன இப்பம்?" என்றார். ஆனால் அவருடைய அம்மாவுக்கும் களக்காட்டு அம்மாளின் பயம் இருந்தது. பெண்ணைப் பெற்றவள் தன் வாயால் சம்மதம் சொன்னால்தான் ஆயிற்று, இல்லையென்றால் அந்தப் பாவத்தில் நமக்குப் பங்கு வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் சுண்டலுக்குக் கடலை பொறுக்கிக்கொண்டிருக்கும்போது ரூபி இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு சொத்தைக் கடலையை எடுத்து வெளியே எறிந்தாள்.

"மைனி, அன்னைக்கு நான் எந்திரிச்சு நிக்கல. என்னால உக்கார முடியல."

எனக்கு விளங்கவில்லை. அவளே விவரமாகச் சொன்னாள். தேவதூதன் வேடத்துக்கு மில் அட்டையும் கம்பியும் வைத்துச் செய்த இறக்கை. இடுப்பைச் சுற்றிக் கம்பி போட்டு இறுக்கி, தொடை வரைக்கும் தொங்கவிட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் குத்தும். அதனால் நாடகம் தொடங்கியதிலிருந்து ஆர்மோனியப் பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். பிரசங்கியார் கண்ணை மூடச் சொன்னார், மூடினாள். நிற்கிறாள் என்று அவர் சொன்னபோது, யாரோ நிற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்தால் அம்மா அழுகிறாள், அப்பா காலடியில் கிடக்கிறார். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் அப்பா குடிக்காமல் வந்தார். அடுத்த நாளும் குடிக்காமல் வந்தார். சொன்னால் மறுபடி ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம். அந்தப் பயத்தோடே ஸ்கூல் முடிந்தது, வயது ஏறியது.

பிள்ளைகளைப் பிடிக்காதா என்று கேட்டேன். "பிள்ளையள ரொம்பப் பிடிக்கும். அது வேற, இது வேற" என்றாள்.

நிறைவு விழா முடிந்த மறுநாள் மத்தியானம், அத்தையிடம் சொல்லிவிட்டாள். தைரியத்துக்கு என்னை அடுக்களை வாசலில் நிறுத்திக்கொண்டாள். பொன்சிங் கேட்டதைச் சொன்னாள். பிறகு இறக்கையைச் சொன்னாள், கம்பியைச் சொன்னாள். அத்தை மீன் உரசிக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மீனைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏட்டி, உன்ன நிப்பாட்டுனது கர்த்தரு. கம்பிய வச்சு நிப்பாட்டுனா என்ன, கயித்த வச்சு நிப்பாட்டுனா என்ன?"

"நான் மனசார நிக்கலம்மா."

"வேதத்துல சாமுவேலு மனசாரவா போனான்? அவனப் பெத்த அன்னாள் கோயில்ல கொண்டு போய் விட்டா, இருந்தான். பெத்தவ நான் அன்னைக்கே குடுத்துட்டேன். குடுத்தத எப்படித் திருப்பிக் கேக்க?"

ரூபி சுவரில் சாய்ந்துவிட்டாள். இத்தனை வருடமாக அந்த ஒரு உண்மையை வெளியே வருவதற்கான கதவு என்று நினைத்து மறைத்து வைத்திருந்தாள். திறந்தால் அங்கேயும் அம்மாதான் நின்றாள்.

அப்போதுதான் முன்னறையில் செருப்புச் சத்தம் கேட்டது. சற்குணம் மாமா வேலையிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நாங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாப்பாட்டு வாளி மட்டும் வாசலில் இருந்தது. அத்தை மீன் கையோடு தலையில் அடித்துக்கொண்டாள். "வாயத் தொறந்த, பாரு, மனுசன் போயிட்டாரு" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

ரூபி செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நானும் போனேன். ரயில்வே கேட் பக்கத்து ஒயின்ஷாப் வாசலில் போய் நின்றோம். இரண்டு பெண்கள் அங்கே நிற்பதைப் பார்த்து ஒருவன் ஏதோ சொன்னான். ரூபி கேட்காத மாதிரி உள்ளே எட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வெளியே நிறுத்தியிருந்த சைக்கிள்களைப் பார்த்தேன். மாமாவுடையது இல்லை. டவுனுக்குப் போகிற ரோட்டில் இன்னொரு கடை. அங்கேயும் இல்லை. திரும்பி வரும்போது, பஸ் ஸ்டாப் டீக்கடையில் மாமா பெஞ்சில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், மதியம் சாப்பிடவில்லை, பசி என்றார்.

ரூபி அவர் முன்னால் நின்றாள். அழுகையும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தது. எங்கேயெல்லாம் தேடினோம் என்று சொன்னாள். அவர் தின்பதை நிறுத்தினார்.

"நான் குடிக்கப் போயிட்டேன்னு நெனச்சிட்டியாக்கும்?"

அவள் கையால் கண்ணைத் துடைத்தாள்.

"மொதல்ல ஒரு வருசம், ரெண்டு வருசம் ஒனக்காவத்தான் குடிக்காம இருந்தேன். பொறவு ஒண்ணுமில்ல. வயிறு ஒத்துக்கிடல. அந்த வாடையே பிடிக்காமப் போச்சு. இப்பம் நீ யார வேணாலும் கட்டு, நான் குடிக்கவா போறேன்?"

"இத ஏன்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலயே" என்றார் மாமா. "நீயா விரும்பி நிக்கன்னு நான் நெனச்சேன். ஒங்கம்மை அப்படித்தான சொல்லுதா."

ரூபிக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கோபம் வந்தது. அப்பா அம்மா மேல் கோபமா, தன் மேலேயா, எனக்குத் தெரியவில்லை. எதையும் தாங்கிப் பிடிக்காமலே இத்தனை வருடம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவள் முகம் மாதிரி இருந்தது. வீடு வரும் வரைக்கும் சைக்கிளுக்கு முன்னால் தனியாக நடந்தாள். மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமாதான் பேசினார். வாழ்நாளில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். அத்தையிடமிருந்து தட்டில் கத்திரி சத்தம் மட்டும் வரும். எங்கள் ஐயர், சபைக் குருவானவர், வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். ஊழியத்துக்கும் கல்யாணத்துக்கும் பகை இல்லை, நானே கல்யாணம் முடித்தவன்தானே என்றார். "நீங்க சம்பளத்துக்கு ஊழியம் செய்யுதிய ஐயா. என் பிள்ளை சும்மா செய்யுதா" என்றாள் அத்தை. ஐயர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் மாமா தன் பொறுப்பில் விக்கிரமசிங்கபுரம் போய்ப் பேசி, ஓலை கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பெயரை ஐயர் வாசிப்பார். யாருக்காவது தடை தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்பார். அதற்குத்தான் ஓலை வாசிப்பது என்று பெயர். யாரும் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பொன்சிங்கின் அம்மாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். ஓலை வாசிக்கும்போது பெண்ணைப் பெற்றவள் வாயைத் திறந்து தடை சொன்னால் அதோடு முடிந்தது, சொல்லாவிட்டால் தனக்குச் சம்மதம் என்று சொல்லி அனுப்பினாள். முதல் ஓலைக்கு மகனோடு பேட்டைக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஓலை வாசிக்கிற ஞாயிறு பெண் கோயிலுக்கு வருவதில்லை, வெட்கம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். ரூபி வீட்டில் இருந்தாள். அத்தை காலையில் வெள்ளைச் சேலை கட்டி, வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு, எங்களுக்கெல்லாம் முன்னால் போய், எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்வரிசை. அவள் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

ஐயர் ஓலையை வாசித்தார். பேட்டை சபையைச் சேர்ந்த சற்குணத்தின் குமாரத்தி கனகரூபி என்றபோது நாலைந்து தலைகள் அத்தை பக்கம் திரும்பின. தடை இருந்தால் சொல்லலாம் என்றார். மற்ற நாளாக இருந்தால் அதே மூச்சில் அடுத்ததற்குப் போயிருப்பார். அன்றைக்கு அவரும் அத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"தடைன்னு ஒண்ணும் இல்ல ஐயா. ஆனா மே மாசம் என் பிள்ளை இங்கன வந்து வி.பி.எஸ். நடத்தணும். எந்த ஊருல இருந்தாலும் சரி, பிள்ளை குட்டி இருந்தாலும் சரி. அதையும் சேத்து வாசிங்க."

வாலிபர் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ஐயர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. தாளை மடித்துக்கொண்டு, "ஆமென்" என்றார். ஐயர் ஆமென் சொன்னால் எங்கள் சபைக்கு வாய் சும்மா இருக்காது. கோயில் முழுவதும் சேர்ந்து ஆமென் என்றது. பொன்சிங்கும் சொன்னார். அவருடைய அம்மா நிம்மதியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் சொன்னாள்.

ஆராதனை முடிவதற்கு முன்பே நான் எழுந்து வந்துவிட்டேன். ரூபி பாயில் உட்கார்ந்து சும்மா இருக்க முடியாமல் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள். நடந்ததை அப்படியே சொன்னேன். தடை இல்லை என்ற இடத்தில் அவள் கண் நிறைந்தது. மே மாதம் என்ற இடத்தில் என்னையே பார்த்தாள்.

"எல்லா மே மாசமுமா?"

"எந்த ஊர்ல இருந்தாலும்னு சொன்னா."

"சபை என்ன சொல்லிச்சு?"

"ஆமென் சொல்லிச்சு."

"நீங்களும் சொன்னியளா மைனி?"

சொல்லிவிட்டேன் என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள் என்று சொன்னால் பொய். முதலில் சிரித்தாள், நன்றாகச் சத்தமாக, தெருவுக்குக் கேட்கும்படி. பிறகு சிரிப்பு நின்றுபோனது. சுற்றி முடித்த பீடிக்கு நூல் கட்டித் தட்டில் போட்டுவிட்டு, அடுத்த இலையை எடுத்தாள். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பேட்டைக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கோயில் விட்டு ஆட்கள் வருகிற சத்தம் தெருமுனையில் கேட்டது.